சேற்று நாற்றம் முழுவதும் டிஎம்எஸ் அல்ல

அமெரிக்கக் கிழக்குக் கரையின் உப்புச் சதுப்பு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, டைமீத்தைல் சல்ஃபைடு (டிஎம்எஸ்) என்ற கந்தகச் சேர்மம் சேற்றிலிருந்து நேராகக் காற்றுக்குப் போவதாகச் சொல்கிறது. பெரும்பகுதி அப்படிப் போவதில்லை. சதுப்பில் வளரும் ஸ்பார்ட்டினா புல்லில் உள்ள டிஎம்எஸ்பியை (டைமீத்தைல்சல்ஃபோனியோபுரோப்பியோனேட் என்ற கந்தகச் சேர்மம்) பாக்டீரியாக்கள் இரண்டு வழிகளில் உடைக்கின்றன. ஒன்றில் டிஎம்எஸ்ஸும் அக்ரிலேட்டும் வரும்; இன்னொன்றில் மீத்தைல் தொகுதி நீங்கி, கடைசியில் மீத்தேன்தயால் என்ற வேறொரு கந்தகச் சேர்மம் வரும். சேற்றின் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. டிஎம்எஸ்ஸின் வாடை வேகவைத்த முட்டைக்கோஸ் மாதிரி.

சேற்றின் ஆக்சிஜன் இல்லாத அடுக்கில் டிஎம்எஸ்ஸை, மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாவும் (பாக்டீரியா அல்லாத ஒரு வகை நுண்ணுயிர்) சல்ஃபேட் ஒடுக்கிகளும் (ஆக்சிஜனுக்குப் பதில் சல்ஃபேட்டைப் பயன்படுத்தும் பாக்டீரியாக்கள்) தின்றுவிடுகின்றன. ஆர்க்கியா தின்றால் 2 மூலக்கூறு டிஎம்எஸ்ஸுக்கு 3 மீத்தேன். சல்ஃபேட் மிகுந்த இடத்தில் வழக்கமாகச் சல்ஃபேட் ஒடுக்கிகளே உணவுப் போட்டியில் வெல்லும்; கடல்நீரில் சல்ஃபேட் ஏறக்குறைய 28 மில்லிமோலார் இருந்தும் மீத்தேன் வருவதற்கு இது ஒரு காரணம்.

யார் தின்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்க, சேற்றை மூடிய குப்பிகளில் வைத்து, டிஎம்எஸ் ஊற்றி, 20 மில்லிமோலார் மாலிப்டேட் சேர்த்து சல்ஃபேட் ஒடுக்கிகளை நிறுத்துவார்கள். ஆர்க்கியாவை நிறுத்த புரோமோஎத்தேன்சல்ஃபோனேட். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். டிஎம்எஸ்ஸை அதிகமாக ஊற்றினால் ஆர்க்கியாவின் பங்கு மிகையாகத் தெரியும், ஏனென்றால் இயற்கையில் உள்ள மிகக் குறைந்த செறிவில் சல்ஃபேட் ஒடுக்கிகளுக்கே மேல்கை. குப்பியின் ரப்பர் மூடியும் டிஎம்எஸ்ஸை உறிஞ்சும். டெஃப்லான் பூசிய மூடி வேண்டும். சேறு சேர்க்காத ஒரு குப்பியும் கூடவே வைக்காவிட்டால், மூடி குடித்ததை பாக்டீரியா கணக்கில் எழுதிவிடுவோம்!

டிஎம்எஸ்பியை அளக்க, செறிவு மிகுந்த சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து உடனே மூடி, இருட்டில் ஓர் இரவு வைத்தால் ஒன்றுக்கு ஒன்றாக டிஎம்எஸ் ஆகும். முன்பே இருந்த டிஎம்எஸ்ஸை முதலில் நைட்ரஜன் ஊதி வெளியேற்ற மறந்தால் எண் கூடிவிடும்.

இன்னொன்று: எல்லா டிஎம்எஸ்ஸும் டிஎம்எஸ்பியிலிருந்து வருவதல்ல. லிக்னின் (தாவரத்துக்கு விறைப்புத் தரும் பொருள்) சிதைவில் வரும் மெத்தாக்சி சேர்மங்களின் மீத்தைல் தொகுதியைச் சல்ஃபைடுக்கு மாற்றியும் சில பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன.