பால்மரத்துக்கும் அரை ஏக்கர் வேண்டும்

"வயசான அப்பா அம்மாவை ஆஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனவன் ஒயின் தோட்டத்துக்கா போவான்?" என்று சொந்தத்தில் சிலர் கேட்டுவிட்டார்கள். போவேன். மறுபடி வாய்ப்பு வந்தாலும் போவேன். ஏன் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மெல்பர்னில் வேன் எடுத்து, கடலோரமாகவே மவுண்ட் கேம்பியர் வழியாக அடிலெய்டு போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து வடகிழக்கே சுமார் ஒரு மணி நேர ஓட்டம், பரோசா பள்ளத்தாக்கு. அம்மா வேனைவிட்டு இறங்கவே இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. சம்பள நாள் சாயங்காலம் எங்கள் மலேசிய ரப்பர் தோட்டத்துக் கள்ளுக்கடை எத்தனை வீட்டு அடுப்பை அணைத்தது என்று பார்த்து வளர்ந்தவர். வண்டி ஓட்ட வேண்டிய நானும் ஒரு சொட்டுத் தொடவில்லை. நாங்கள் பார்க்கப் போனது கொடியை.

அங்கே தனுண்டா என்கிற ஊரில், லாங்மைல் தோட்டத்தில், 1843இல் நட்ட ஷிராஸ் திராட்சைக் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. நட்டவர் கிறிஸ்டியன் ஆரிக்ட் என்ற கொல்லர். ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர். கொடிகளுக்கு நடுவே நம் இஷ்டத்துக்கு நடக்க முடியாது. ஃபிலோக்செரா என்ற வேர்ப்பூச்சி செருப்பு மண்ணில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமாம். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடிய பூச்சி. பக்கத்து மாநிலமான விக்டோரியாவிலும் உண்டு. பரோசா இருக்கும் தென் ஆஸ்திரேலியாவுக்குள் விடாமல் காத்து வருகிறார்கள்.

அடிமரம் தொடைப் பருமன். முறுக்கேறி, பட்டை நார்நாராக உரிந்து, ஓரிடத்தில் பிளந்து மறுபக்க வெளிச்சமே தெரிந்தது. மேலே பார்த்தால் பச்சைத் தளிர். அப்பா வாழ்நாளெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கவாத்து செய்த ஒவ்வொரு இடத்தையும் குனிந்து குனிந்து பார்த்தார். "வெட்டத் தெரிஞ்சவன் வெட்டியிருக்கான்டா. மரத்துக்குக் காயம் இல்ல" என்றார். அப்பா வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு லேசில் வராது.

பரோசாக்காரர்களும் எப்போதும் இப்படி இருந்தவர்கள் இல்லை. 1980களில் திராட்சை விலைபோகாதபோது அரசாங்கமே காசு கொடுத்துக் கொடிகளைப் பிடுங்கச் சொன்னது. பழைய கொடிகள் ஏராளமாகப் போய்விட்டன. 2009இல்தான் மிஞ்சியவற்றை 35, 70, 100, 125 வயது என்று தரம் பிரித்துக் காக்கத் தொடங்கினார்கள். இவ்வளவை இழந்த பிறகாவது விழித்துக்கொண்டார்கள். நாம்?

நம் பேராக் மாநிலக் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. நம் சுங்கை சிப்புட்டிலிருந்து பக்கம்தான், பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆனால் இருட்டோடு எழுந்து ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் நிரை நிரையாக வெட்டி, காண்டா என்ற தோள்கம்பில் வாளி சுமந்து, ஒட்டுப்பால் நாற்றத்தோடு வீடு திரும்பினார்களே, அவர்களுக்கு இந்த வட்டாரத்தில் என்ன அடையாளம் இருக்கிறது? கித்தா என்ற ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை. செம்பனை இருந்த இடத்தில் தாமான் என்ற குடியிருப்பு. நான் பிறந்த தொழிலாளர் லயம் எந்த வீட்டுக்கு அடியில் இருக்கிறது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

ரப்பர் மரம் திராட்சைக் கொடி இல்லை. முப்பது வருடம் போனால் பால் குறையும், வெட்டி மறுநடவு செய்யத்தான் வேண்டும். அதே மரத்தைக் காப்பாற்றச் சொல்லவில்லை. அரை ஏக்கர், ஒரு நிரை மரம், அதை வெட்டிக் காட்ட நம் பெரியவர்கள், பார்க்க நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். இவ்வளவுதான் கேட்கிறேன். தோட்டங்கள் போனாலும் கோயில்கள் நிற்கின்றன, சில கோயில்களுக்குச் சொந்த நிலமும் இருக்கிறது. திருவிழாவுக்கு வசூல் செய்யத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியமா? வெட்டத் தெரிந்த கைகள் இப்போது இருக்கின்றன. பத்து வருடம் கழித்து யாரைக் கூப்பிடுவோம்?

கோயில் கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசப்போகிறேன். இளைஞர்கள் கூட வந்தால் பலமாக இருக்கும். அதற்குள் ஒரு வேண்டுகோள்: பால் பிடிக்கும் மங்கு, பால்வெட்டுக் கத்தி, காண்டா, பழைய சம்பளச் சீட்டு, எது வீட்டில் கிடந்தாலும் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். உள்பெட்டியில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.