ரெண்டு வயசுக்கு எதுக்குடா ஜீப்பு?

தம்பி மகளுக்குப் போன மாதம் இரண்டு வயது நிறைந்தது. தேதிப் பிறந்தநாளுக்குச் சென்னையில் கேக். நட்சத்திரப் பிறந்தநாளுக்குக் காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டில் பால்பணியாரம். ஆக, பரிசும் இரண்டு சுற்று.

ஊரில் வந்த சுற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பட்டாலையில், அதாவது முன்கூடத்தில், ஏழு பெட்டிகள் அடுக்கியாகிவிட்டது. எட்டாவதை இரண்டு பேர் தூக்கி வந்து முகப்பில் இறக்கினார்கள். பெரியப்பா வீட்டு அண்ணன் வாங்கி வந்த பேட்டரி ஜீப். பிள்ளை உட்கார்ந்து ஓட்டுவது. சிவப்பு நிறம், விளக்கு, ஹாரன், பாட்டு. பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்து அண்ணன் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினார். வீடே அதிர அழுதாள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: "ரெண்டு வயசுக்கு எதுக்குடா ஜீப்பு?"

அன்று மத்தியானம் பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? பலகாரம் வந்த ஓலைக் கொட்டான் ஒன்று காலியாகக் கிடந்தது. சாயம் போட்ட பனையோலையில் முடைந்தது, கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. அதை வீட்டின் உள்கட்டான வளவுக்கு இழுத்து வந்தாள். எவர்சில்வர் கிண்ணம் மூன்று, ஒரு கரண்டி, அப்பத்தாவின் கண்ணாடிக் கூடு, எல்லாவற்றையும் உள்ளே போட்டாள். குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றாக எடுத்து ஆத்தங்குடிக் கல் தரையில் வைத்தாள். கிண்ணம் தரையில் பட்டு 'டங்'கென்று கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள், நாங்கள் கேட்டோமா என்று. மறுபடி எல்லாம் உள்ளே. முக்கால் மணி நேரம் இதே வேலை.

இந்த வயதில் விளையாட்டு என்றால் இதுதான். போடுவது, எடுப்பது, அடுக்குவது, தள்ளிவிடுவது, எதையாவது இழுத்துக்கொண்டு நடப்பது. பொம்மையே பாடி, ஆடி, விளக்கும் எரித்தால் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை? பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எங்கள் பக்கம் முறை செய்வதில் பேர் போனது. கல்யாணச் சாமானைப் பரப்பி வைத்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். யார் என்ன செய்தார்கள் என்று நோட்டில் எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்துக்குக் கணக்குப் பார்த்துத் திருப்பிச் செய்வோம். அதைக் குறை சொல்ல மாட்டேன், அந்த நோட்டால் கரை சேர்ந்த குடும்பங்களும் உண்டு. ஆனால் அதே கண்ணோடு பொம்மைக் கடைக்குப் போனால் பெட்டியின் அளவு மட்டும்தான் தெரியும். பிள்ளைக்கு நோட்டும் தெரியாது, இன்றைக்குத் தனக்குப் பிறந்தநாள் என்பதும் தெரியாது.

நான் மட்டும் யோக்கியமா? முதல் பிறந்தநாளுக்குப் பாட்டுப் பாடும் யானை வாங்கிக் கொடுத்தவள் நான்தான். மூன்றாம் நாள் அது முற்றத்துப் படியில் விழுந்து, அடி மூடி கழன்று, உள்ளிருந்த பொத்தான் பேட்டரி தெறித்து உருண்டது. தம்பி பெண்டாட்டி பார்த்துவிட்டாள், பிழைத்தோம். மூடிக்கு ஒரு திருகாணிகூட இல்லை. கடையில் போய்க் கேட்டால் "பெரியவங்கதான் பாத்துக்கணும்" என்கிறார்கள். அந்தச் சின்ன வட்டப் பேட்டரியை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், ஈரத்தில் மின்சாரம் ஓடி 2 மணி நேரத்துக்குள் சதையை அரித்துவிடும். வீட்டில் வாந்தி எடுக்க வைக்கவெல்லாம் கூடாது, நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இது தெரிந்த அன்றிரவு எனக்குத் தூக்கம் இல்லை.

அப்புறம்தான் பொம்மையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வந்தது. 2021 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்வதற்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருட்களுக்கும் விலக்கு உண்டு, அதனால் கைவேலை மரப் பொம்மையில் முத்திரை இல்லாமல் இருக்கலாம். அங்கே நம் கண்தான் முத்திரை. மூன்று வயதுக்குக் கீழே என்றால் சின்ன உறுப்பு ஆகாது. சோதனைக் கூடத்தில் இதற்கு ஒரு குழல் வைத்திருக்கிறார்கள், உள்விட்டம் 3.17 செ.மீ. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்குள் முழுசாக அடங்குவது எதுவும் பிள்ளை தொண்டைக்கும் போகும்.

இந்தக் கணக்கில் நம் பழம்பெருமையும் கொஞ்சம் அடிபடும், கோபிக்க வேண்டாம். மரச்சொப்பு அழகுதான், ஆனால் அந்தக் குட்டி உழக்கும் அம்மிக் குழவியும் நாலு வயதுக்கு மேல் கொடுக்கலாம். பல்லாங்குழியும் அப்படியே, சோழியும் புளியங்கொட்டையும் நேராக வாய்க்குத்தான் போகும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் பழைய வர்ணப் பொம்மை வாங்கினால் கண்ணாடி அலமாரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம், பிள்ளையோ எதையும் நக்கிப் பார்க்கும். மரப்பாச்சி கொடுக்கலாம். வர்ணம் பூசாத, கைக்கு அடக்கமான, ஆனால் வாய்க்குள் போகாத மரப்பாச்சி.

சக்கரம் வைத்த வாக்கரை மட்டும் யாரும் வாங்கி வராதீர்கள். பிள்ளையை உள்ளே உட்கார வைத்து உருட்டுகிறோமே, அது. கனடாவில் 2004லேயே தடை செய்துவிட்டார்கள். முகப்பிலிருந்து அடுப்படி வரைக்கும் படியும் முற்றமுமாக இருக்கிற நம் வீடுகளுக்கு அது சுத்தமாக ஆகாது. நின்று தள்ளும் மர நடைவண்டி வேறு சாமான், அதையும் ஆள் பக்கத்தில் இருந்தால்தான்.

பெரிய தொகை செய்தே ஆக வேண்டும் என்றால் பெண் பிள்ளைக்கு அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. 10 வயதுக்குள் பெற்றவர்கள் தொடங்க வேண்டும், 250 ரூபாயிலிருந்து போடலாம். அம்மா சத்தமில்லாமல் அதில்தான் போட்டார். நோட்டில் அதுவும் ஏறிவிட்டது, அது வேறு கதை.

இந்தத் தடவை நான் வாங்கும் முன்னால் தம்பி பெண்டாட்டிக்கு போன் போட்டேன். "என்ன வேணும்னாலும் வாங்குங்க அண்ணி, சத்தம் மட்டும் போடக் கூடாது," என்றாள். கெட்டி அட்டைப் படப் புத்தகம் இரண்டும், ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணம் ஐந்தும் வாங்கி, புதுக் கொட்டான் ஒன்றில் போட்டுக் கொடுத்தேன். பிரித்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டாள். புதுக் கொட்டான் வேண்டாமாம், கைப்பிடி பிய்ந்ததுதான் வேண்டும் என்று அழுது, அதையே சென்னைக்கும் தூக்கிப் போய்விட்டாள்.

ஜீப் காரில் ஏறவில்லை. இங்கேதான் முகப்பில் நிற்கிறது, சார்ஜ் எப்போதோ இறங்கிவிட்டது. சீட்டில் முறத்தை வைத்து அம்மா சுண்டைக்காய் வற்றல் காயப் போட்டிருக்கிறார். நேற்று அண்ணன் போனில் கேட்டார், "ஜீப்பு ஓடுதா ஆத்தா?"

"ஓடுதுண்ணே," என்றேன்.