போல்ட்டுக்குப் பவுடர் கோட்டிங் சரிவராது
பழைய வண்டியைப் புதுப்பிப்பது பற்றிய கட்டுரையில், சேஸிஸ் (அடிச்சட்டம்) முதல் போல்ட் வரை எல்லாவற்றுக்கும் பவுடர் கோட்டிங்கே (பொடியைத் தூவி அடுப்பில் உருக்கிப் படியவைக்கும் பூச்சு) போதும் என்று சொல்லியிருப்பது போல்ட் விஷயத்தில் உதைக்கிறது. அந்தப் பூச்சு சாதாரணமாக 60 முதல் 100 மைக்ரான் கனம் வரும். மரையில் ஏறினால் நட்டு போகாது. வாஷர் உட்காரும் இடத்தில் இருந்தால் நாளடைவில் நசுங்கி இறுக்கம் தளரும். நான் கழற்றிய, பவுடர் கோட்டிங் அடித்த ஒரு சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) மேலுக்குப் பளபளவென்றுதான் இருந்தது. கல் பட்ட இடத்தில் நகத்தால் நெம்பினேன், தோலாக உரிந்து வந்தது, அடியில் முழுக்கத் துரு. போல்ட், கிளிப், பிராக்கெட்டுக்கு 8 முதல் 12 மைக்ரான் துத்தநாக முலாமும் அதன் மேல் பாசிவேஷனும் (முலாம் அரிக்காமல் காக்கும் மெல்லிய ரசாயனப் படலம்) போதும். ஆனால் 10.9, 12.9 கிரேடு (மிக உறுதியான வகை) போல்ட் என்றால் உஷார்: முலாமுக்கு முன் சுத்தம் செய்ய அமிலத்தில் ஊறும்போதும் முலாம் ஏறும்போதும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்துகொள்ளும், பிற்பாடு சுமையில் பட்டென்று ஒடியலாம். அந்த ஹைட்ரஜன் வெளியேற, முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரியில் சுட்டெடுக்க வேண்டும். எத்தனை பட்டறையில் அதைச் செய்கிறார்கள்? ஸ்டீயரிங், பிரேக் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கிப் போடுவதே நல்லது. அப்புறம், கட்டுரையைப் படித்த ஒருவர் வண்டியின் பாடியையே பவுடர் கோட்டிங் அடுப்பில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார். பள்ளங்களை ஈயப் பற்று வைத்து நிரப்பிய பழைய பாடி என்றால் வேண்டாம்; அந்தப் பற்றில் உள்ள ஈய, வெள்ளீயக் கலவை 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், அடுப்போ பெரும்பாலும் 180 முதல் 200 டிகிரியில் ஓடும்.