அவர் என் மகளை ஏமாற்றவில்லை

வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பார்க்காதவர் யாராவது இருந்தால் சுருக்கமாகச் சொல்கிறேன்: பேஸ்போல் வீரர்களின் படம் அச்சடித்த கார்ட்டுகளைச் சேர்ப்பவர்களின் கண்காட்சி ஒன்றில் என் மகள் ஒருவரோடு கார்ட் மாற்றினாள், அதை எங்கள் கார்ட் குழுவில் ஒரு தம்பி வீடியோவாகப் போட்டார். அதில் இருக்கும் பிள்ளை என் மகள். அவளுக்குப் பக்கத்தில் பாதி உருவம் மட்டும் தெரிய நிற்பவன் நான். மேசைக்கு மற்றப் பக்கம் இருக்கும் வெள்ளைத்தாடி மனுசரைத்தான் எங்கள் குழுவில் "கள்ளன்" என்றும் "சின்னப் பிள்ளைகளிடம் பறிக்கிறவன்" என்றும் ஆளாளுக்கு எழுதியிருக்கிறீர்கள். அவர் கள்ளன் இல்லை. அவர் என் மகளை ஏமாற்றவில்லை. இதை இன்னும் எத்தனை தடவை சொல்லவேண்டி வந்தாலும் சொல்வேன்.

மகள் கொடுத்தது எங்கள் ரொறன்ரோ பேஸ்போல் அணியான புளூ ஜேஸின் வீரர் விளாடிமிர் கெரேரோ ஜூனியரின் 2019 ரொப்ஸ் ரூக்கி கார்ட், அதாவது அவருடைய முதல் வருடத்துக்கு ரொப்ஸ் கம்பனி அச்சடித்தது. தங்க நிற ஓரம் போட்ட வகை, மொத்தம் 2,019 பிரதிகள்தான் அச்சடித்தார்கள். அவள் வாங்கியது ஓ-பீ-சீ கம்பனி 1980ஆம் ஆண்டில் அச்சடித்த டேவ் ஸ்டீப் கார்ட் ஒன்று, அதோடு எண்பதுகளில் வந்த, புளூ ஜேஸின் இன்னொரு வீரரான ரோனி பெர்னான்டஸின் கார்ட்டுகள் ஒரு கட்டு. வீடியோ எடுத்த தம்பி கைபேசியில் கார்ட் விலை காட்டும் ஆப் ஒன்றில் இரண்டு பக்கத்து விலையையும் தட்டிப் பார்த்து, வித்தியாசத்தைச் சிவப்பு எழுத்தில் படத்துக்கு மேலேயே போட்டு, "எங்கட பிள்ளைக்கு நல்லா மொட்டை அடிச்சிட்டான்" என்று எழுதிவிட்டார். அதற்குப் பிறகு நானூறு பேர் சிரிப்புக்குறி.

தம்பி, அந்த விலை என் மகளுக்குத் தெரியும். அந்த ஆப்பை எனக்கு இறக்கித் தந்ததே அவள்தான். விலையைப் பார்த்துவிட்டுத்தான் மாற்றினாள். அவளிடம் விளாடியின் வேறு கார்ட்டுகள் இருக்கின்றன. ஸ்டீப் இருக்கவில்லை. ஸ்டீப்தான் அவளுக்கு வேண்டியிருந்தார்.

"ஸ்டீப்பா, ஆர் அது?" என்று கேட்டவர்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் ஆளைத் தெரியாமல் இந்த மாற்றை விளங்கிக்கொள்ள முடியாது. எண்பதுகளில் புளூ ஜேஸின் மிகச் சிறந்த பிட்சர், அதாவது பந்து எறிபவர், அவர். ஆட்டத்தின் ஒன்பது இனிங்ஸும் எதிரணியில் ஒருவரைக்கூடப் பந்தை அடித்துத் தளம் சேர விடாமல், அதாவது ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் எறிந்து முடிப்பதை நோ-ஹிட்டர் என்பார்கள். 1988 செப்ரெம்பரில் அடுத்தடுத்து எறிந்த இரண்டு ஆட்டங்களில், கடைசி இனிங்ஸில் இரண்டு பேரை அவுட்டாக்கி, ஒரே ஒரு ஆள் மிச்சம் இருக்கும்போது அவருக்கு அது கைநழுவிப் போனது. அடுத்த வருடம் ஓகஸ்டில் யாங்கீஸுக்கு எதிராக வெளியேற்றவேண்டிய இருபத்தேழு பேரில் முதல் இருபத்தாறு பேரையும் ஒருவர் விடாமல் வெளியேற்றினார், இருபத்தேழாவது ஆள் அடித்துவிட்டார். ஒருமுறை அப்படி நடந்தாலே மனுசன் உடைந்துபோவான். இவர் திரும்பத் திரும்ப வந்து எறிந்தார். 1990 செப்ரெம்பர் 2, கிளீவ்லாண்டில், கடைசியில் ஒரு நோ-ஹிட்டரை எறிந்து முடித்தார். புளூ ஜேஸின் வரலாற்றில் இன்றுவரை அது ஒன்றுதான். ஆனாலும் பேஸ்போலின் மிகச் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஹோல் ஒஃப் பேமுக்கான வாக்கெடுப்பில் அவருக்கு ஐந்து வீதம்கூடக் கிடைக்காமல் முதல் வருடத்திலேயே பட்டியலை விட்டுப் போய்விட்டார். அவருடைய கார்ட் மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து என் மகள் அந்த 1980 கார்ட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

இனி அந்த மனுசர். 1977இல் அணி தொடங்கிய வருடத்திலிருந்து ஒவ்வொரு வருடத்துப் புளூ ஜேஸ் கார்ட்டுகளையும் முழுசாகச் சேர்ப்பவர். 2019இன் தங்க ஓர வரிசையில் அவருக்கு இல்லாதது விளாடி மட்டும்தான். ஏப்ரல் 7, 1977, எக்ஸிபிஷன் ஸ்ரேடியத்தில் பனி கொட்டக் கொட்ட நடந்த முதல் ஆட்டத்துக்குப் போயிருந்தவர். அன்றைக்கு புளூ ஜேஸின் டக் ஓல்ட் இரண்டு ஹோம் ரன், அதாவது பந்தை வேலிக்கு வெளியே, அடித்ததை என் மகளுக்குக் கையை வீசிக் காட்டிச் சொன்னார். மாற்று முடிந்த பிறகு, "இது உனக்குக் காணாது" என்று தானாகவே பெட்டியைத் திறந்து ரோனியின் கார்ட்டுகளை இன்னும் எடுத்து வைத்தார். அது வீடியோவில் இல்லை. அதற்கு முதலே வெட்டிவிட்டார்கள். ஏன் வெட்டினீர்கள் என்று இதுவரை யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.

மாற்று என்பது விற்பனை இல்லை. இதைத்தான் எங்கள் குழு மறந்துபோனது. என்னிடம் இருப்பது உனக்கு வேண்டும், உன்னிடம் இருப்பது எனக்கு வேண்டும், இரண்டு பேரும் சந்தோசமாக எழும்பிப் போனால் அது நல்ல மாற்று. அதற்குள் மூன்றாவது ஆள் ஒருவர் விலைப்பட்டியலோடு வந்து "நீ தோத்திட்டாய்" என்று சொல்ல என்ன இருக்கிறது?

எங்கள் அணியையே எடுங்கள். 1990 டிசெம்பர் 5. பிரெட் மக்கிரிப்பையும் ரோனி பெர்னான்டஸையும் சான் டியேகோ அணிக்குக் கொடுத்துவிட்டு ஜோ கார்ட்டரையும் ரொபேர்ட்டோ அலமாரையும் வாங்கினார்கள். அன்றைக்கு இந்த நகரத்தில் எத்தனை பேருக்குக் கோபம்! ரோனியை எப்படிக் கொடுக்கலாம் என்று கேட்டார்கள். பிறகு 1992இல் பேஸ்போலின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்றோம். 1993 ஒக்டோபர் 23இல் கார்ட்டர் அடித்த அந்த ஹோம் ரன், இரண்டாவது வேர்ல்ட் சீரிஸ். அந்த 1993 அணியில் ரோனியும் இருந்தார், தெரியுமா? வருட நடுவில் திரும்பி வந்து, அந்த வேர்ல்ட் சீரிஸில் மட்டும் ஒன்பது ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்தார். மக்கிரிப் 1995இல் அட்லாண்டா அணியோடு வேர்ல்ட் சீரிஸ் வென்று, 2023இல் ஹோல் ஒஃப் பேமுக்கும் போனார். இப்போது சொல்லுங்கள், அன்று மொட்டை போட்டது ஆருக்கு? அந்தக் காலத்தில் இந்த ஆப் இருந்திருந்தால் அன்று மாலையே சிவப்பு எழுத்தில் முடிவு எழுதியிருப்பீர்கள்.

ரோனி பெர்னான்டஸ் எனக்கு யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் இந்த நாட்டுக்கு வந்தபோது எனக்கு ஆங்கிலம் வராது. ஸ்காபரோவில் அடுக்குமாடி, பக்கத்திலேயே பள்ளிக்கூடம், மதிய இடைவேளையில் ஒரு மூலையில் நிற்பேன். பெடியங்கள் சுவரோரம் குந்தியிருந்து கார்ட் மாற்றுவார்கள். என்னிடம் கார்ட் ஒன்றும் இல்லை. அம்மம்மா ஊரிலிருந்து போடும் கடிதங்களில் இருந்த முத்திரைகளை ஒரு கொப்பிக்குள் வைத்திருந்தேன். ஓர் இத்தாலியப் பெடியன் அதைப் பார்த்துவிட்டு, யானை போட்ட முத்திரை ஒன்றைக் காட்டி, தன் கட்டை எனக்கு முன்னால் விரித்து வைத்தான். எடு என்று கையால் காட்டினான். நான் எடுத்தது ரோனி. காரணம் ஒன்றே ஒன்று, அவருடைய நிறம் என் நிறத்துக்குக் கிட்ட இருந்தது. டொமினிக்கன் நாட்டில் சான் பெட்ரோ டி மக்கோரிஸ் என்ற கரும்பு ஊரில் பிறந்தவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

ஓ-பீ-சீ எங்கள் ஒன்ராறியோவில், லண்டன் நகரத்தில் இருந்த கம்பனி. ரொப்ஸின் கார்ட்டையே கனடாவுக்கென்று ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அச்சடித்தது. அதன் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசித்து வாசித்துத்தான் நான் இரண்டு மொழியையும் தொட்டேன். ஒரு வீரர் அச்சுக்கு முன் அணி மாறியிருந்தால் படத்தின் மேலேயே "இப்போது இன்ன அணியில்" என்று ஒரு வரி போடுவார்கள். பழைய அணியின் சட்டையோடு நிற்பார், பக்கத்தில் புது அணியின் பெயர் இருக்கும். அந்த வயதில் அந்த வரியைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். இன்றைக்கும் அந்த வகைக் கார்ட்டுகளை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

அந்த இத்தாலியப் பெடியன் என்னை ஏமாற்றினானா? முத்திரையின் விலை என்ன, கார்ட்டின் விலை என்ன என்று இரண்டு பேருக்கும் தெரியாது. அந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதன் அவன்.

"அண்ணை, அந்தக் காலம் வேறை, இப்ப இது முதலீடு" என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். சரி, முதலீட்டைப் பற்றியே கதைப்போம். நீங்கள் எல்லோரும் தூக்கிப் பிடிக்கும் 1952 ரொப்ஸ் மிக்கி மான்ரில் கார்ட் ஒன்று 2022இல் 12.6 மில்லியன் அமெரிக்க டொலருக்குப் போனது. உண்மை. ஆனால் அந்த 1952 கார்ட்டுகளில் விற்காமல் மிஞ்சியதை, அவற்றை வடிவமைத்த சை பேர்கரே 1960இல் படகில் ஏற்றிக்கொண்டு போய் அத்திலாந்திக் கடலில் கொட்டினார். ஒருவருக்கும் வேண்டாமல் கிடந்தது. மிச்சத்தை அம்மாமார் குப்பையில் போட்டார்கள். முதலீடு என்று நினைக்காமல் பிள்ளைகள் விளையாடித் தொலைத்ததால்தான் இன்று அந்த விலை. எண்பதுகளின் கடைசியில் சனம் முதலீடு என்று நினைத்து வாங்கத் தொடங்கியது. கம்பனிகள் அச்சடித்துத் தள்ளின, சனம் பெட்டி பெட்டியாக உடைக்காமல் அடுக்கி வைத்தது. அந்தப் பெட்டிகளை இன்று பாதி விலைக்கும் வாங்க ஆள் இல்லை. குழுவில் இருக்கும் மூத்தவர்கள் சிலரின் நிலவறையில் இப்போதும் கிடக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

பிட்சர் போல் ஸ்கீன்ஸின் கார்ட் கதையையும் ஒருவர் இழுத்தார். லொஸ் ஏஞ்சலஸில் பதினொரு வயதுப் பெடியன் பொதி உடைத்து, ஒன்றே ஒன்று அச்சடித்த கார்ட் வந்து, 2025இல் 1.11 மில்லியன் டொலருக்கு ஏலம் போனது. நல்லது. அது அந்தக் குடும்பத்தின் முடிவு, அவர்கள் சந்தோசமாக இருக்கட்டும். என் மகள் ஒரு கார்ட்டை மாற்றியதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அவளை முட்டாள் என்று காட்டத்தானே அதைக் கொண்டுவந்தீர்கள்?

கண்காட்சிகளில் பிள்ளைகளை ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நான் பக்கத்தில் நின்றேன். அவ்வளவுதான்.

அப்புறம், "எங்கட ஆளுக்கு ஏன் பேஸ்போல், கிரிக்கெற் இருக்கே" என்று எழுதியவருக்கு. என் மகள் இந்த நகரத்தில் பிறந்தவள். அவளுடைய அணி புளூ ஜேஸ். நானும் இந்த நகரத்தில்தான் வளர்ந்தேன். என் அணியும் அதுதான். இதற்கு யாரிடமும் நான் அனுமதி கேட்கத் தேவையில்லை.

உண்மையில் எனக்கு வலிப்பது எது என்று யோசித்துப் பார்த்தேன். 2025 நவம்பர் 1. வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது, கடைசி ஆட்டம். ஒன்பதாவது இனிங்ஸில் இன்னும் இரண்டே இரண்டு அவுட், வேர்ல்ட் சீரிஸ் எங்களுடையது. எதிரணியான டொட்ஜர்ஸின் மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்தார், சமன். பதினோராவதில் வில் ஸ்மித் அடித்தார், 5-4, முடிந்தது. என் மகள் அந்தத் தொப்பியோடேயே அழுதழுது தூங்கிப்போனாள். அடுத்த நாள் காலை குழுவைத் திறந்தேன். யாராவது இரண்டு வார்த்தை எழுதியிருப்பார்கள், சேர்ந்து கவலைப்படலாம் என்று நினைத்தேன். வரிசையாக விற்பனைப் பட்டியல்கள். "விலை விழ முதல் தள்ளுங்கோ" என்று ஒருவர். அவருக்கு நன்றி சொல்லி நாற்பது பேர். அன்றைக்கே நான் இந்தக் குழுவைப் பற்றி எழுதியிருக்கவேண்டும், எழுதவில்லை.

நாங்கள் எதைப் பார்த்தாலும் விலைதான் கேட்கிறோம். வீடு வாங்கினால் இப்போ என்ன போகுது என்று கேட்கிறோம். பிள்ளை பல்கலைக்கழகம் போனால் அந்தப் படிப்புக்கு என்ன சம்பளம் என்று கேட்கிறோம். வெறுங்கையோடு வந்த சனத்துக்கு அந்தப் பயம் இருக்கும், எனக்கு விளங்குது. என் அப்பாவுக்கும் இருந்தது. இரண்டு வேலை செய்துவிட்டு வந்து, அந்த ரோனி கார்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, இதால் என்ன பிரயோசனம் என்று கேட்டவர். ஆனால் அவர் அதைக் கிழிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. மேசையில் கவனமாகத் திருப்பி வைத்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஆசையாக எடுத்து வைத்த ஒன்றைப் பார்த்து நானூறு பேர் சிரிக்கும் அளவுக்கு நாங்கள் எப்போது வந்தோம்?

கருத்துகள் முழுவதையும் அவள் வாசித்துவிட்டாள். நான் மறைக்க முதலே வாசித்துவிட்டாள். "அப்பா, நான் அவரிட்டை இருந்து திருப்பி வாங்கவேணுமா?" என்று கேட்டாள். ஸ்டீப்பைத் திருப்பிக் கொடுப்பதா என்று கேட்கவில்லை. விளாடியை அவரிடமிருந்து திருப்பி வாங்கினால் அவருக்குக் கவலையாக இருக்குமே என்றுதான் கேட்டாள். அந்தப் பிள்ளைக்குத்தான் விவரம் தெரியாது என்கிறீர்கள்.

நான் அந்த மனுசருக்கு அழைத்துப் பேசினேன். வீடியோ அவர் காதுக்கும் போய்விட்டது. விளாடியைத் தபாலில் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டார், பதிலுக்குத் தனக்கு ஒன்றும் வேண்டாம் என்றார். நான் அனுப்பவேண்டாம் என்றேன். அடுத்த கண்காட்சியில் மேசை போடுவதா என்று தெரியவில்லை என்றார். 1977இலிருந்து சேர்க்கும் மனுசர் அவர். எங்கள் குழுவில் பாதிப் பேர் அந்த வருடம் பிறக்கவே இல்லை.

வீடியோவை எடுக்கவேண்டும். என்னிடம் கேட்காமல் என் பிள்ளையின் முகத்தைப் போட்டதற்காக மட்டும் இல்லை, அந்த மனுசரைக் கள்ளன் என்று சொன்னதற்காகவும். எடுத்துவிட்டு, அவர் கள்ளன் இல்லை என்று அதே குழுவில், அதே பெரிய எழுத்தில் எழுதவேண்டும். நிர்வாகிகளுக்கு இதைத் தனியாகவும் அனுப்பியிருக்கிறேன். செய்யாவிட்டால் நானும் மகளும் குழுவில் இருக்கமாட்டோம்.

கடைசியாக, மகள் என்னிடம் எழுதச் சொன்னது. எண்பதுகளில் கனடாவுக்கென்று வந்த லீஃப் கார்ட்டுகளில் ரோனி பெர்னான்டஸ் யாரிடமாவது இருந்தால் அவளுக்கு வேண்டும். மூலை மடிந்திருந்தாலும் பரவாயில்லை. அவளிடம் அலமாரும் ஜோ கார்ட்டரும் இரட்டையாக இருக்கின்றன, விளாடி இன்னும் சிலவும் இருக்கின்றன. உட்பெட்டியில் எழுதுங்கள், நேரில் வந்து மாற்றலாம்.