கோட்டை கட்டிய ராஜாவைக் கண்டாலே சிப்பாய்களை ஏவுகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் போட்ட மேசையில் மாலையில் விளையாட உட்கார்ந்தால், எதிரில் யார் இருந்தாலும் ஒரே கூத்துதான்: நான் கோட்டை கட்டிய, அதாவது ராஜாவை ஒரே நகர்வில் ஓரப்பக்கம் யானையின் காவலுக்குள் ஒதுக்கிய, மறுகணமே, தம் ராஜா எந்தப் பக்கம் நிற்கிறது, பலகையின் நடுப்பகுதி திறந்திருக்கிறதா அடைபட்டிருக்கிறதா என்று பாராமல், அந்தப் பக்கத்து ஜி, எச் நிரல்களில் (பலகையில் நெடுக்காக ஓடும் கட்ட வரிசைகளில்) நிற்கும் சிப்பாய்களை என்மேல் ஏவிவிடுகிறார்கள்.

அந்தத் தாக்குதல்மீது எனக்குப் பகையில்லை. சிசிலியன் தற்காப்பு என்ற ஆட்டத் தொடக்கத்தின் டிராகன் வகையில் வெள்ளை தன் ராஜாவை ராணிப் பக்கம் பத்திரப்படுத்திய பிறகே எச் சிப்பாயை எச்4, எச்5 என்று தள்ளுகிறது. ஜி6இல் ஏற்கெனவே நிற்கும் கறுப்புச் சிப்பாயோடு அது மோதினால் எச் நிரல் திறந்து யானைக்கு வழி பிறக்கும். கிங்ஸ் இந்தியன் தற்காப்பு என்ற இன்னொரு தொடக்கத்தில் இரு ராஜாக்களும் ஒரே பக்கம் இருந்தும் கறுப்பு எஃப், ஜி சிப்பாய்களை முன்னேற்றத் துணிவதற்குக் காரணம், நடுவில் சிப்பாய்கள் முட்டிக்கொண்டு வழியை அடைத்திருப்பதுதான்.

இவர்கள் ஆட்டத்தில் இவற்றுள் எது இருக்கிறது? நடுப்பகுதி திறந்து கிடக்கிறது, சொந்த ராஜாவும் அதே பக்கம்தான், என் ராஜாவின் முன்னுள்ள மூன்று சிப்பாய்களும் அசையாததால் மோதிப் பிளக்கவும் எதுவுமில்லை. நான் சிப்பாயை டி5க்குத் தள்ளி நடுவில் ஓர் அடி கொடுத்ததும், முன்னே போன சிப்பாய்களால் திரும்பி வர முடியாமல், அவர்களுடைய ராஜாதான் வெட்டவெளியில் நிற்கிறது. சிப்பாய் பின்னால் நகராது என்பதைக்கூட நினைவூட்ட வேண்டுமா?

இதைவிட எரிச்சலூட்டுவது, சுற்றி நின்று பார்ப்பவர்களின் தீர்ப்பு. வென்றவன் நான், “அவர்தான் துணிச்சலாக ஆடினார், அங்கிள்” என்று பாராட்டு மட்டும் எதிராளிக்கு. 2024 டிசம்பரில், இதே சிங்கப்பூரில், செந்தோசாவில் இந்திய வீரர் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சதுரங்க வெற்றியாளரானதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறவர்களும் இவர்களே. அதுவரை உலக வெற்றியாளராக இருந்த டிங் லிரெனுடன் அவர் ஆடிய அந்தக் கடைசி, பதினான்காவது ஆட்டம், ஒரே ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு பொறுமையாக நெருக்கி, கடைசியில் ராஜாக்களும் சில சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய நிலையில் முடிந்ததை ஏனோ ஒருவரும் பேசுவதில்லை.

தோற்றவரோ, காயை அடுக்கும்போது, இன்னும் ஒரே ஒரு நகர்வு கிடைத்திருந்தால் என்னை முடித்திருப்பாராம். அந்த நகர்வைத்தான், ஐயா, நீங்கள் எச்4இல் செலவழித்தீர்கள்.