ஹெல்மெட்டைக் கழட்டினா ரக்பி ஆயிடாது

"அமெரிக்கன் ஃபுட்பால்ல ஹெல்மெட்டையும் பேடையும் கழட்டிட்டா அதுதான் ரக்பி, ரூல் எல்லாம் ஒண்ணுதான்"னு மேல ஒரு அண்ணன் போட்டுருக்காரு. அண்ணே, பந்து ரெண்டும் முட்டை மாதிரி இருக்கறது வாஸ்தவம்தான். ஆட்டம் வேறல்லா! (நான் சொல்றது 15 பேர் ஆடுற ரக்பி யூனியன்.)

ரக்பியில கையால பந்தை முன்னாடி எறியவே கூடாது. பக்கவாட்டுல, இல்லன்னா பின்னாடி. முன்னேறணும்னா ஓடணும், இல்ல உதைக்கணும். காலேஜ் படிக்கும்போது குளச்சல் கடற்கரை மணல்ல ஒரு நாள் ஆடிப் பார்த்தோம். அஞ்சு நிமிஷத்துல எல்லாவனும் முன்னால ஓடிப்போய் நின்னு "இங்க போடுல மக்கா"ன்னு கத்துறான். பந்து வச்சிருக்கவனுக்கு முன்னால நிக்கவன் எதுக்கும் உதவ மாட்டான்னு அப்பதான் உறைச்சுது. அமெரிக்கன் ஃபுட்பால்ல முன்னோக்கிப் பாஸை 1906-லயே அனுமதிச்சாச்சு.

பந்து இல்லாதவனை மறிச்சுத் தள்ளுறது அங்க பாதி ஆட்டம்; ரக்பியில ஃபவுல். ஆளைச் சாய்ச்சதும் அங்க விசில், 4 டவுனுக்குள்ள (டவுன்னா ஒரு தடவை முயற்சி) 10 யார்டு போகணும். ரக்பியில விழுந்தவன் பந்தை விடணும், ஆட்டம் பாட்டுக்கு ஓடும்.

அமெரிக்கன் ஃபுட்பால்ல பாயின்ட் எடுக்கற "டச்டவுன்"தான் பெரிய வேடிக்கை. பேருலதான் டச், பந்து எதிரணியோட கோல் கோட்டைத் தொட்டாலே 6 பாயின்ட், தரையில வைக்க வேண்டாம். ரக்பியில தரையில வச்சு அழுத்தினாத்தான் 5.

"அமெரிக்காவுல இருந்து வந்ததுதான் ரக்பி"ங்கறதும் தலைகீழ். 1874-ல கனடாவோட மெக்கில் யூனிவர்சிட்டி பசங்க அமெரிக்காவுல ஹார்வர்டு போய் ரக்பி மாதிரி ஆடிக் காட்டினாங்க. அதை வால்டர் கேம்ப்னு ஒரு அமெரிக்கர் 1880-கள்ல மாத்தி மாத்தித்தான் இன்னைக்குள்ள அமெரிக்கன் ஃபுட்பால் வந்துச்சு.