மாங்காய் விற்றதில் என்ன கேவலம்?

நான்கு நாளில் இருபது பேராவது போன் செய்துவிட்டார்கள். "படத்துல இருக்கிறது உங்க பொண்ணுதானே?" ஆமாம், என் பொண்ணுதான். பக்கத்தில் இருப்பவன் என் அண்ணன் மகன். இருவரும் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாங்காய் விற்கும் படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். "பெத்தவங்களுக்கு வெட்கமா இல்ல? யாராவது 1098-க்குப் போன் போடுங்க" (குழந்தைகளுக்கான உதவி எண்) என்று எழுதியவருக்கும், அதை ஆமோதித்தவர்களுக்கும்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். கோடை விடுமுறை. மகளுக்கு 12 வயது, அவனுக்கு 13. பேட்மிண்டன் மட்டை வேண்டும் என்று இருவரும் ஒரு வாரமாக என்னை அரித்தார்கள். நீங்களே சம்பாதித்து வாங்குங்கள் என்று 300 ரூபாய் கொடுத்தேன். இனாம் இல்லை, கடன். காவேரிப்பட்டணம் பக்கம் மே மாதத்தில் மாங்காய்க்கா பஞ்சம்? மாம்பழக் கூழ் ஆலைக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்த தோட்டத்தில் பெங்களூரா ரகக் காய் 10 கிலோ வாங்கினார்கள், கிலோ 12 ரூபாய். எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கடை. அரிவாள்மனையில் அரிந்து கொடுப்பது என் அம்மா. பாதிக் காய், உப்பு, மிளகாய்த்தூள், ஒரு பொட்டலம் 10 ரூபாய். பிளாஸ்டிக் கவரில் தரக்கூடாது என்று நான் சொன்னதும் (2019 ஜனவரியிலிருந்து நம் மாநிலத்தில் தடைதானே), கொல்லையிலிருந்து பாதாம் இலை பறித்துக் கழுவித் துடைத்து வைத்தாள் என் மகள்.

முதல் நாள் மாலை 31 பொட்டலம் போனது. 310 ரூபாயை எண்ணிவிட்டு, "அத்தை, எல்லாம் லாபம்!" என்று குதித்தான் பையன். உட்கார வைத்துக் கணக்கு எழுதச் சொன்னேன். காய் 120, உப்பும் மிளகாய்த்தூளும் 20. "வீட்டு மிளகாய்த்தூளுக்குமா காசு?" என்று மகளுக்குக் கோபம். ஆமாம், அதற்கும்தான். அப்புறம் சிநேகிதர்களுக்குச் சும்மா கொடுத்த 5 பொட்டலம் (அவரவர் பெயரில் எழுதச் சொன்னேன்), முன்னாலேயே அரிந்து வைத்துக் கறுத்துப்போன 4 காய். எல்லாம் போகக் கையில் 170. முகம் வாடிவிட்டது இரண்டு பேருக்கும். ஆனால் மறுநாள் ஆள் வந்து கேட்ட பிறகுதான் அரியச் சொன்னார்கள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைத்தான் கேவலம் என்கிறீர்கள்.

"இது குழந்தைத் தொழிலாளர் முறை, சட்டப்படி குற்றம்" என்று ஒரு படித்தவர் எழுதியிருக்கிறார். 1986-ஆம் ஆண்டுச் சட்டம், 2016-இல் திருத்தினார்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். பள்ளி நேரம் போக, விடுமுறை நாளில், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை கூடமாட ஒத்தாசை செய்வதற்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது. சட்டத்தை விடுங்கள். செங்கல் சூளையில் கல் அடுக்கும் பிள்ளையால் "இன்னைக்கு எனக்கு மனசில்ல" என்று எழுந்து போக முடியுமா? அதன் கூலி அதன் கைக்கு வருமா? என் பிள்ளைகள் மூன்றாம் நாள் கிரிக்கெட் பார்க்க வேண்டும் என்று கடையே போடவில்லை. காசு அவர்களுடையது, நோட்டு அவர்களுடையது. சூளைப் பிள்ளையைப் பார்த்தால் 1098-க்குக் கூப்பிடுங்கள், நானும் கூட வருகிறேன். அந்த எண் அதற்குத்தான் இருக்கிறது. என் வீட்டுத் திண்ணைக்கு அல்ல.

படிப்பு கெடுமாம். இது விடுமுறை. பள்ளி திறந்தால் கடை கிடையாது, முதல் நாளே பேசியாகிவிட்டது.

காசு ஆசை வந்துவிடும் என்கிறார்கள். காசு ஏற்கெனவே அவர்கள் கண் முன்னால்தான் இருக்கிறது. நம்மிடம் கேட்டு அழுது வாங்குகிறார்கள். அது எப்படி வருகிறது என்பது மட்டும்தான் தெரியாது. 10 வயது தாண்டிய பிள்ளை வங்கியிலும் அஞ்சலகத்திலும் தன் கையெழுத்திலேயே சேமிப்புக் கணக்கு நடத்தலாம். எத்தனை வீட்டில் அதைச் செய்கிறோம்?

பெண் குழந்தை, தெருவில் உட்காரலாமா என்று கேட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால்தான் சொந்தத் திண்ணை, அதனால்தான் 4 மணியிலிருந்து 6 மணி வரை மட்டும், என் அம்மா பக்கத்தைவிட்டு நகரமாட்டார். அத்தனையும் செய்தும், கேட்காமல் கொள்ளாமல் ஒருவர் வண்டியில் இருந்தபடியே அவளைப் படம் எடுத்து ஆயிரம் பேருக்கு அனுப்பிவிட்டார். நான் பயந்த ஆள் அவர்தான் என்பது அப்போது தெரியவில்லை.

எனக்கு வலிப்பது வேறு. அதே ஆள் போன மாதம் தன் மகன் படம் போட்டிருந்தார். டை கட்டிக்கொண்டு, கையில் சான்றிதழ். 'இளம் தொழில்முனைவோர்' கோடை முகாமாம், ஐந்து நாள், ஆயிரக்கணக்கில் கட்டணம். நானும் அதற்கு வாழ்த்துச் சொன்னேன், மனதாரச் சொன்னேன். ஏசி அறையில் தாளில் வியாபாரம் செய்தால் திறமை, திண்ணையில் மாங்காயை விற்றால் பிச்சையா? உங்களுக்குப் பிரச்சினை குழந்தை இல்லை. விற்கிறவர்களைப் பார்த்தாலே உங்களுக்கு இளப்பம்.

அந்த இளப்பம் எனக்குத் தெரியும். எங்கள் ஆயா (பாட்டி) போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் புளி விற்றவர். மாசி, பங்குனியில் வீடு முழுக்கப் புளி. ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டுவோம். கொட்டை எங்களுக்கு. வியாபாரி எடை போட்டுக் காசு கொடுத்து எடுத்துக்கொள்வார். ஆறாம் வகுப்பில் அந்தக் காசில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கினேன். வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். டீச்சர் சிரித்துவிட்டு, "புளியங்கொட்டை பாக்ஸா?" என்றார். அந்த வருஷம் முழுக்க என் பெயரே புளியங்கொட்டை.

அதற்குப் பிறகு நான் கொட்டை பொறுக்கவில்லை. அது போகட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிநேகிதிகளோடு சந்தைக்குள் போகும்போது ஆயா என்னைப் பார்த்துக் கை தூக்கினார். நான் வளையல் கடைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இராத்திரி வீட்டுக்கு வந்து அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மடியிலிருந்து பொரி உருண்டை எடுத்துக் கொடுத்தார். முப்பது வருஷம் ஆகிறது, ஆயாவும் இல்லை.

என் மகள் என்னைப் பார்த்து அப்படித் திரும்பிக்கொள்ளும் நாள் வரக்கூடாது என்றுதான் அந்த 300 ரூபாயைக் கொடுத்தேன். படம் வந்த அன்று சாயங்காலம் அவள் திண்ணைக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "நாம ஏழையாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். ஏழையாக இருந்தால்தான் என்ன என்று சொல்லியிருக்க வேண்டும். அப்போது வாயில் வரவில்லை.

நான்கு நாளாகக் கடை இல்லை. வாங்கி வைத்த 6 கிலோ காய் கூடையிலேயே பழுத்துப்போய்விட்டது. இன்று காலை நோட்டை எடுத்து வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். 'நட்டம் 72' என்று எழுதியிருக்கிறாள். சிநேகிதர்களுக்குக் கொடுத்ததை அவர்கள் பெயரில் எழுதச் சொன்னீங்களே, இதை யார் பெயரில் எழுதுறது என்று கேட்கிறாள்.